காதுக்காரி போட்ட குறி

கல்லைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஒருத்திக்கு, சொந்த அண்ணன் மனதில் என்ன ஓடுகிறது என்று எட்டு வருஷமாகத் தெரியவில்லை என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். குவாரியிலும் சிரித்தார்கள். அவள் முகத்துக்கு நேராகச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்குக் குவாரியில் காதுக்காரி என்று பெயர். வெட்டி எடுத்த கல் எதுவும் அவள் கை படாமல் வெளியே போகாது. முற்றத்தில் மரக்கட்டைகள் மேல் கற்களை வரிசையாக ஏற்றி வைத்திருப்பார்கள். காலையில் அவள் ஒரு சின்னச் சுத்தியலோடு வந்து ஒவ்வொரு கல்லையும் மூன்று இடத்தில் தட்டுவாள். கணீர் என்று கேட்டால் நல்ல கல். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசலோ பொத்தலோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். தோளில் தொங்கும் பையிலிருந்து தூரிகையை எடுத்து, சிவப்புப் பெயின்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்துவிடுவாள்.

குறி போட்டால் போட்டதுதான். சிவப்புக் குறி விழுந்த கல்லை மறுபடி தட்டிப் பார்க்கிற வழக்கம் அங்கே கிடையாது. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று சொல்ல ஆரம்பித்தால் கல் வாங்க வருகிறவன் எதை நம்புவான்? அதனால் குறி விழுந்த கல்லை அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டு மறந்துவிடுவார்கள்.

ஒரே ஒரு கல்லை மட்டும் யாரும் மறக்கவில்லை. அது அவளுடைய அண்ணன் வெட்டிய கல்.

அண்ணன் ஆப்படிக்கிறவன். பாறையில் வரிசையாகத் துளை போட்டு, இரும்பு ஆப்புகளைச் செருகி, ஒவ்வொன்றாகச் சம்மட்டியால் அடித்துக்கொண்டே போனால் கல் நூல் பிடித்தது போல் இரண்டாகப் பிரியும். மற்றவர்கள் அடித்தாலும் பிரியும். ஆனால் அது எந்தப் பக்கம் பிரிய வேண்டும் என்பதைக் கல்தான் முடிவு செய்யும். அண்ணன் அடித்தால் அண்ணன் முடிவு செய்வான். ஊரில் நூலகம் கட்டியபோது வாசலுக்கு மேலே வைக்க ஒரே கல்லாகப் பத்தடி உத்தரம் வேண்டும் என்று கேட்டார்கள். அவ்வளவு நீளத்துக்கு ஒரே கல் எடுக்க முடியாது என்று எல்லோரும் கையை விரித்தார்கள். அண்ணன் ஒரு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்து அந்தக் கல்லை எடுத்தான். பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

கல்லை வாங்கிப் போக நூலகக்காரர்கள் வந்த அன்று மழை. கிரேன் பழுது. கல்லை முற்றத்துக்கு ஏற்ற வழியில்லை. அவளே பள்ளத்துக்குள் இறங்கிப் போய், குடை பிடித்தபடி, மூன்று இடத்தில் தட்டினாள். மூன்றும் மொத்தென்றுதான் கேட்டன. அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தூரிகையை எடுத்தாள். தன் அண்ணன் கல் என்று பார்த்து விட்டுவிட்டால் நாளைக்கு அது யார் தலையில் விழும் என்று அவள் யோசித்தாள். குறியைப் போட்டுவிட்டாள்.

நூலகத்துக்குக் கான்கிரீட் உத்தரம் போட்டார்கள். அண்ணன் அன்றோடு தங்கையிடம் பேசுவதை நிறுத்தினான்.

சண்டை என்று எதுவும் இல்லை. கத்தியிருந்தால்கூட அவளும் பதிலுக்குக் கத்திவிட்டு மனசு ஆறியிருப்பாள். அண்ணன் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. நல்லது கெட்டதுக்கு வருவான், அவள் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தான், அவள் போட்ட தேநீரைக் குடித்தான். எதையாவது சொல்ல வேண்டும் என்றால் பக்கத்தில் இருக்கும் அண்ணியைப் பார்த்து, "அவகிட்ட சொல்லு" என்பான். அவளும் ரோஷம் பிடித்தவள்தான். "அவர்கிட்ட சொல்லுங்க அண்ணி" என்பாள். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணி ரெண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, "எனக்குக் கழுத்து வலிக்குது, ஒருநாள் நானும் பேச மாட்டேன் பாருங்க" என்று அலுத்துக்கொள்வாள்.

அந்தக் கல் மட்டும் பள்ளத்திலேயே கருவிக் கொட்டகை ஓரமாகக் கிடந்தது. எல்லோரும் அதை பெஞ்சாக ஆக்கிக்கொண்டு, உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அண்ணன் அதில் உட்கார்ந்ததே இல்லை. அவளும் உட்கார்ந்ததில்லை. ஆனால் உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்கிற கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. ஒருநாள் மதியம் யாரும் இல்லாத நேரத்தில், வழக்கத்தை மீறி, சாப்பாட்டு டப்பாவில் இருந்த ஸ்பூனால் அதைத் தட்டிப் பார்த்தாள். மொத்தென்றுதான் கேட்டது. ஸ்பூனை நம்பி ஒரு முடிவுக்கு வர முடியுமா என்று தன்னையே திட்டிக்கொண்டு சாப்பிடப் போனாள்.

இப்படி இருக்கும்போதுதான் நகரசபையிலிருந்து கல்விச் சுற்றுலாப் பயிற்சி என்று ஒன்று வந்தது.

விஷயம் இதுதான். பார்ப்பதற்கு மலையோ அருவியோ அந்த ஊரில் கிடையாது. ஆனால் ஒரு ஊர் எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொள்வதற்காகவே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பெரியவர்களும் பஸ் பிடித்து வருவார்களாம். ரொட்டி அடுப்பு, பஸ் டிப்போ, தண்ணீர் சுத்திகரிக்கும் இடம், குவாரி என்று நாலு இடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வருகிறவர்களுக்கு எதை, எப்படிக் காட்டுவது என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்கே சொல்லித்தர ஒரு பயிற்சியாளர் வந்தார். ஆறு சனிக்கிழமை, நூலக மாடியில் வகுப்பு. குவாரி சார்பில் காதுக்காரியையும் கிரேன்காரரையும் அனுப்பினார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கான்கிரீட் உத்தரத்துக்குக் கீழேதான் அவள் நுழைய வேண்டியிருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் நுழைந்துவிடுவாள்.

பயிற்சியாளர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா இருக்கும், அதில் மூன்று எழுதாது. யார் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பார். முதல் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவருக்கு ஏன்சார் என்று பெயர் விழுந்துவிட்டது.

"உங்க வேலையில இருக்கிற ஒரு பொருளைக் கொண்டுவாங்க" என்று அவர் சொல்லியிருந்தார். ரொட்டிக்கடைக்காரம்மா ஒரு பிசகும் இல்லாத ரொட்டியைக் கொண்டுவந்து, மனப்பாடம் செய்த ஒரு பேச்சை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். டிப்போ மெக்கானிக் பளபளவென்று ஒரு புது பேரிங்கைக் கொண்டுவந்தார். காதுக்காரி ஒரு முழம் நீளத்துக்கு அப்பழுக்கில்லாத கல் ஒன்றைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள்.

எல்லாவற்றையும் சுற்றி வந்து பார்த்த ஏன்சார், "ரொம்ப அழகா இருக்கு. ஆனா எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமே தோணலையே" என்றார்.

"கேக்கறதுக்கு என்ன சார் இருக்கு? நல்ல கல்லு" என்றாள் அவள்.

"நல்ல கல்லுன்னு எப்படித் தெரியும்?"

"மூணு இடத்துல தட்டினா தெரியும்."

"எங்க தட்டுவீங்க? எதுக்கு மூணு இடம்? கல்லைத் தரையில வச்சுத்தான் தட்டுவீங்களா?"

"மரக்கட்டை மேல வச்சிருப்பாங்க சார்."

"கட்டை ஏன்?"

"அது வெட்டறவங்க வேலை. கல்லுக்கு அடியில கயிறு விட்டு எடுக்கணும்ல, அதுக்காக வைக்கிறாங்க." பக்கத்தில் இருந்த கிரேன்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். "சார், கட்டையைப் போய் ஏன்னு கேக்கறீங்களே. நாளைக்கு எங்க செருப்பையும் கேப்பீங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஏன்சாரும் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டார். பேனா எழுதவில்லை. அடுத்த பேனாவை எடுத்தார்.

நாலாவது சனிக்கிழமை அவர் குவாரிக்கே வந்தார். தலைக்கவசம் அவருக்குப் பெரிதாக இருந்ததால் கண்ணை மறைத்தது. அதைத் தூக்கித் தூக்கி விட்டபடி பள்ளம் முழுக்க நடந்தார். கடைசியில் கால் ஓய்ந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் குனிந்து, பக்கவாட்டில் மங்கிப்போயிருந்த சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டார்.

"இது ஏன் இங்க கிடக்கு?"

அண்ணன் கொஞ்ச தூரத்தில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தீட்டும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது. கிரேன்காரருக்கு எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. குரலைத் தாழ்த்தி எல்லாக் கதையையும் ஒப்பித்துவிட்டார்.

ஏன்சார் கல்லையே பார்த்தார். "அப்ப உள்ள என்ன இருக்கு?"

"தெரியாது சார்" என்றாள் காதுக்காரி.

"உங்களுக்குக்கூடவா?"

"ஏதோ இருக்குன்னு தெரியும். என்னன்னு உடைச்சாத்தான் தெரியும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாலு வாரமா நான் இதைத்தானே தேடிக்கிட்டிருக்கேன்! பதில் தெரிஞ்சுக்கிட்டே கேள்வி கேட்டா வர்றவங்க கண்டுபிடிச்சுடுவாங்க. இதுக்கு இந்தக் குவாரியிலயே யாருக்கும் பதில் தெரியாது. வர்றவங்க முன்னாடி தட்டிக் காட்டுங்க, அப்புறம் அவங்க முன்னாடியே பொளந்து பாப்போம். நீங்களும் அவங்களோட சேர்ந்து முதல் தடவையாப் பாருங்க."

அவள் எட்டு வருஷமாக ஆசைப்பட்டது அதுதான். எட்டு வருஷமாகப் பயந்ததும் அதுதான். உள்ளே விரிசல் இருந்துவிட்டால், பாருங்கள் நான் சொன்னது சரி என்று அண்ணனிடம் காட்டலாம். இல்லாவிட்டால்? ஒரு பழுதும் இல்லாத அண்ணன் கல்லை ஊர் அறியக் கெட்ட கல் என்று சொல்லி, அவன் வாயை அடைத்தவள் அவள் என்றாகிவிடும். அதற்கப்புறம் எந்தக் கல்லைத் தட்டி என்ன சொன்னாலும் அவளுக்கே நம்பிக்கை இருக்காது.

பொளப்பதென்றால் அண்ணன்தான் பொளக்க வேண்டும். அவனிடம் கேட்கச் சொல்லி அண்ணிக்குச் சொல்லி அனுப்பினாள். அன்று சாயங்காலம் அண்ணி அவள் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்கண்ணன் பதில் சொல்லிட்டார்டி" என்றாள்.

"என்ன சொன்னார்?"

"'பொளக்கறேன்னு சொல்லு'ன்னார்."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணும் சொன்னார். 'உள்ள ஒண்ணும் இல்லேன்னா அவ என்ன பண்ணுவான்னு கேளு'ன்னார்."

அவள் அடுப்பை அணைத்தாள். "நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணி?"

"நான் என்னத்தை நினைக்க? உள்ள பாம்பு இருந்தாலும் சரி, பல்லி இருந்தாலும் சரி. உடைஞ்சதும் ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கிட்டா எனக்குப் போதும். எட்டு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரி வேலை பாக்கறேன், ஒரு லீவு உண்டா?"

அவள் சிரித்தாள், ஆனால் அண்ணி போனதும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் தப்பிக்க வழி உண்டு என்று அவளுக்குத் தெரியும். நூலிழை விரிசல், கண்ணுக்குத் தெரியாது, பொளந்த அதிர்ச்சியில் தூளாகிவிட்டது என்று சொன்னால் கல்லைப் பற்றித் தெரியாதவர்கள் நம்பிவிடுவார்கள். இப்படி ஒரு சமாதானத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறோமே என்று அவளுக்கே அவமானமாக இருந்தது.

வெள்ளோட்டம் பார்க்கும் நாளும் வந்தது. வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டு பேரும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் படிக்கிற ஆசை விடாத ஆறேழு பெரியவர்களும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ரொட்டி அடுப்பைப் பார்த்துவிட்டு வந்ததால் பாதிப் பேர் மூக்கில் மாவு இருந்தது. டிப்போவில் கிரீஸைத் தொட்டுப் பார்த்ததால் மீதிப் பேர் கை கறுப்பாக இருந்தது. கடைசி நிறுத்தம் குவாரி.

பின்னால் நிற்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று ஏன்சார் சொல்லியிருந்தார். அதனால் காலையிலேயே கிரேன்காரர் அந்தக் கல்லை மண்ணிலிருந்து பெயர்த்து எடுத்து, இரண்டு மரக்கட்டைகள் மேல் உயர்த்தி வைத்திருந்தார். எட்டு வருஷம் அது பதிந்து கிடந்த இடத்தில் ஈரமாக ஒரு குழி தெரிந்தது. கல்லின் மேல் அண்ணன் சுண்ணாம்பு நூலால் நீளவாக்கில் கோடு போட்டிருந்தான். துளை இன்னும் போடவில்லை. அதையும் வந்தவர்கள் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அவன் சம்மட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு கல்லின் மறுபக்கம் நின்றான். அவளைப் பார்க்கவில்லை.

அவள் முதலில் ஒரு நல்ல கல்லைத் தட்டிக் காட்டினாள். கணீர் என்றது. பிள்ளைகளைத் தட்டச் சொன்னாள். ஒவ்வொருவராக வந்து தட்டினார்கள். ஓய்வு பெற்ற ஒருவர் இரண்டாம் முறையும் வரிசையில் வந்து நின்று மாட்டிக்கொண்டார்.

"இதுதான் நல்ல கல்லோட சத்தம். மனசுல வச்சுக்கோங்க" என்றாள். "இப்ப கெட்ட கல்லு எப்படி இருக்கும்னு கேளுங்க. இதுக்குள்ள ஏதோ இருக்கு. என்னன்னு எனக்கும் தெரியாது. கேட்டுட்டு, பொளந்து பாப்போம்."

எல்லோரும் நெருங்கி வந்தார்கள். அவள் சுத்தியலை ஓங்கித் தட்டினாள்.

கணீர் என்று கேட்டது.

பள்ளத்தின் சுவரில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. இந்த வேலைக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. நடுவில் தட்டினாள், மறுமுனையில் தட்டினாள். இரண்டு இடத்திலும் அதே சத்தம், கொஞ்சம்கூடக் குறையாமல்.

பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். கெட்ட சத்தம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று ஒன்றிரண்டு பேர் நோட்டில் எழுதவும் ஆரம்பித்துவிட்டார்கள். அவள் தலையை நிமிர்த்தினாள். கல்லுக்கு அந்தப் பக்கம் அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு வருஷத்துக்கு முன் மழையில் பார்த்த அதே பார்வை. அங்கே நின்ற நாற்பது பேரில் அந்தச் சத்தத்துக்கு முழு அர்த்தமும் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

என்ன ஆயிற்று இந்தக் கல்லுக்கு? கல் மாறுமா? விரிசல் தானாக மூடிக்கொள்ளுமா? அவள் கண் கல்லின் மேலிருந்து இறங்கி அடியில் இருந்த மரக்கட்டைகளில் வந்து நின்றது. அங்கிருந்து பக்கத்தில் இருந்த ஈரக் குழிக்குப் போனது. கட்டை ஏன்? என்று நூலக மாடியில் ஒருவர் கேட்டதும், தான் சிரித்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

இத்தனை வருஷத்தில் அவள் தட்டிய கல்லெல்லாம் கட்டை மேல் இருந்த கல். தரையில் கிடந்த கல்லை அவள் சுத்தியலால் தட்டியது ஒரே ஒரு தடவைதான்.

இப்போதுகூட வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றால் போதும். அண்ணன் துளை போட்டு ஆப்பை அடிப்பான், கல் இரண்டாகும், நூலிழை விரிசல் என்று சொல்லிவிடலாம். நிகழ்ச்சியும் திட்டப்படி நடக்கும். ஆனால் அண்ணன் ஒரு மாதம் மூச்சைப் பிடித்து எடுத்த கல் அது. அதை ஒரு தடவை அவள் தப்பாகச் சொல்லிக் கொன்றாயிற்று.

"உடைக்க வேண்டாம்" என்றாள். மறுபடி உரக்கச் சொன்னாள். "இதை உடைக்கக் கூடாது. இது நல்ல கல்லு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஏன்சார் தலைக்கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "என்னாச்சு?"

"நீங்க கேட்டீங்களே சார், கட்டை ஏன்னு. கயிறு விடறதுக்குன்னு சொன்னேன். அதுக்கு மட்டும் இல்ல சார்." அவள் கிரேன்காரரிடம் திரும்பினாள். "அண்ணாச்சி, இதைப் பழைய இடத்திலயே கொஞ்சம் இறக்குங்க."

கிரேன்காரர் ஒன்றும் கேட்காமல் இறக்கினார். கல் ஈர மண்ணில் போய்ப் பதிந்தது. அவள் தட்டினாள். மொத். பிள்ளைகள் வாயில் "ஆ" என்று ஒரு சத்தம் கிளம்பியது. "இப்ப தூக்குங்க." கட்டை மேல் வைத்ததும் தட்டினாள். கணீர்.

"மறுபடி!" என்று யாரோ கத்தினார்கள். மறுபடி இறக்கினார்கள். ஒரு பையன் தட்டினான். மறுபடி ஏற்றினார்கள். அந்த ஓய்வு பெற்றவர் தட்டினார். மணல் மேல் வைத்தால் எப்படி இருக்கும், பலகை மேல் வைத்தால் எப்படி இருக்கும், ஒரு முனையில் மட்டும் கட்டை வைத்தால் என்ன ஆகும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவளுக்கு அதில் பாதிக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு அவர்களோடு சேர்ந்து செய்து பார்த்தாள். கிரேன்காரர் வியர்த்துப் போனார். பஸ் புறப்படும் நேரம் தாண்டிவிட்டது. ஏன்சார் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எழுதுகிற ஒரே பேனாவும் தீர்ந்துபோய், ஒரு பிள்ளையிடம் கடன் வாங்கிய பேனாவில் எழுதிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மழையில இது மண்ணுல கிடந்துச்சு" என்று அவள் எல்லோருக்கும் சொன்னாள். "மண்ணு சத்தத்தைக் குடிச்சிருச்சு. எனக்கு அது தெரியல. கல்லு கெட்டதுன்னு குறி போட்டுட்டேன். எட்டு வருஷமா இது இங்கேயே கிடக்கு." அண்ணனைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை. கல்லைப் பார்த்தே சொன்னாள்.

கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு பள்ளிக்கூடப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரையாவது கேள்வி கேட்டு மடக்கிக்கொண்டு வந்தவள். "ஆன்ட்டி, ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"அன்னிக்கும் நீங்க உறுதியாத்தானே சொன்னீங்க? இன்னிக்கும் உறுதியா சொல்றீங்க. உடைச்சுப் பாக்காம, உள்ள ஒண்ணும் இல்லன்னு எப்படி நம்பறது?"

கூட வந்த டீச்சர் அவள் தோளைத் தொட்டு அடக்கப் பார்த்தார். ஏன்சார் கையைக் காட்டி வேண்டாம் என்றார். எல்லோரும் காதுக்காரியைப் பார்த்தார்கள். அவள் சுத்தியலைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேள்வி நியாயமானது. ஒரு தடவை பொய்யாகிப்போன காதை வைத்துக்கொண்டு எதைச் சொல்லி நிரூபிப்பது?

"எனக்குப் பதில் தெரியலம்மா" என்றாள். அது உண்மை. அழுகை வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போது சம்மட்டி தரையில் சாயும் சத்தம் கேட்டது. அண்ணன் கல்லைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். அந்தப் பெண் முன்னால் வந்து நின்றான்.

"இந்தக் கல்லை வெட்டினவன் நான்" என்றான். "இவ மூணு இடத்துல தட்டிட்டா. இவ நல்ல கல்லுன்னு சொன்னா அது நல்ல கல்லு. உடைக்க வேண்டியதில்ல."

"அப்ப எட்டு வருஷம் முன்னாடி சொன்னது?"

அண்ணன் குனிந்து மரக்கட்டையைக் காலால் தொட்டுக் காட்டினான். "இவ தட்டறதுக்கு முன்னாடி, கடப்பாரையால நெம்பியாவது இதை வைக்க வேண்டியவன் நான். நூலகக்காரங்க மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு அவசரப்பட்டேன். வைக்கல. அதுல சத்தம் மாறும்னு எனக்கும் அன்னிக்குத் தெரியல."

அந்தப் பெண் கட்டியிருந்த கையைப் பிரித்து நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

காதுக்காரி அசையாமல் நின்றாள். கூட்டத்தின் ஓரத்தில் அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தங்கை பக்கம் திரும்பினான். வழக்கம் போல அண்ணியைத் தேடவில்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? குறியை அழி."

அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். தூரிகை இருந்தது, சிவப்புப் பெயின்ட் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குறியைக்கூட அழித்தது இல்லை என்பதால் அழிப்பதற்கான சாமான் எதுவும் பையில் இல்லை. அண்ணன் இடுப்பிலிருந்து தன் உளியை உருவி அவளிடம் நீட்டினான்.